கிரகணத்துக்குப் பயப்படலாமா?





போன மாதம் பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துபோன பிறகு ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்கள். "பாஸ்டரய்யா, 2027-ல ஆகஸ்டு 2-ஆம் தேதி பெரிய கிரகணம் வருதாமே. மகளுக்கு இப்பத்தான் கல்யாணம் முடிச்சிருக்கோம். அந்த நேரத்துல அவ முழுகாம இருந்தா ரூமுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்திடணும்னு சம்பந்தியம்மா இப்பவே சொல்றாங்க. நாம விசுவாசிகளாச்சேய்யா, என்ன செய்யுறது?" என்று கேட்டார்கள்.

"இதெல்லாம் மூடநம்பிக்கை, போம்மா" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் ஆவியானவர் தடுத்தார். ஏனென்றால் இதே காரியத்தில் ஒருமுறை நான் யோசிக்காமல் வாயைத் திறந்து பேசி, அதற்கு ஒரு சின்னப் பையன் விலை கொடுத்தான். அதைப் பிறகு சொல்லுகிறேன். "அம்மா, இதற்கு எழுத்திலே பதில் தருகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாக வாசியுங்கள்.

1980-ஆம் வருஷம் பிப்ரவரி 16, சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது. நாங்கள் அப்போது ஆண்டவரை அறியாத குடும்பம். ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரிந்த ஊர். கர்நாடகத்தில் ஹூப்ளி, ராய்ச்சூர் பக்கமெல்லாம் அன்றைக்கு முழு சூரிய கிரகணம். நம் பக்கத்தில் பாதிக்கு மேல் மறைத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எங்கள் அம்மாச்சி வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சாத்தி, தண்ணீர்ப் பானைகளில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டு, நடுவீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நட்டக்குத்தலாக நிறுத்தி வைத்தார்கள். கிரகணம் விடுகிறவரைக்கும் உலக்கை நிற்குமாம், விட்டதும் விழுந்துவிடுமாம்.

என் சின்னம்மா அப்போது அங்கே இருந்தார்கள். இருபது வயது, ஐந்தாம் மாதம். அவர்களைச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்திருந்தார்கள். அசையக்கூடாது, சொறியக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது. நானோ பசியில் அழுதேன். அம்மாச்சி கண் அசந்த நேரத்தில் சின்னம்மா எழுந்து, அரிவாள்மனையில் ஒரு கொய்யாக்காயை இரண்டாக வெட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அம்மாச்சி கண் விழித்தபோது அரிவாள்மனை ஈரமாக இருந்தது. நான் பழத்தைத் தின்று முடித்திருந்தேன்.

ஆனி மாதம் பிள்ளை பிறந்தான். மேலுதடு இரண்டாகப் பிளந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பேர் உண்டு: கிரகண மூளி. அந்தப் பேரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், பழியைத் தாய்க்கு வைத்தார்கள். "கிரகணத்துல காய் வெட்டுனவ" என்று புருஷன் வீட்டில் சொல்லி, பதினோரு மாதம் அவர்களைக் கூப்பிட வரவில்லை. பிள்ளையால் மார்பில் பால் குடிக்க முடியாது. இரவும் பகலும் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊற்றி வளர்த்தார்கள். பிறகு மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உதட்டைத் தைத்தார்கள். தழும்பு நின்றுவிட்டது, பழியும் நின்றுவிட்டது. எந்தக் கல்யாண வீட்டிலும் யாராவது ஒரு கிழவி அந்தக் கதையை எடுத்துவிடும். அந்தக் காய் எனக்காக வெட்டினது என்று நான் ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு வெட்கம். ஆண்டவரை ஏற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் எடுத்து, ஊழியத்துக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்களோ தெரியாது.

பிரியமானவர்களே, டாக்டர்கள் சொல்லுகிறதைக் கேளுங்கள். தாயின் வயிற்றில் பிள்ளையின் மேலுதடு இரண்டாம் மாதத்திலேயே கூடி முடிந்துவிடுகிறது. ஆனியில் பிறந்த பிள்ளைக்கு இரண்டாம் மாதம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. கிரகணம் வந்ததோ மாசியில்! சின்னம்மா அரிவாள்மனையில் உட்காருவதற்கு மூன்று மாதம் முன்னாலேயே அந்த உதடு அப்படித்தான் இருந்தது. விரல்விட்டு எண்ணினால் போதும், பெரிய படிப்புத் தேவையில்லை. ஆனால் நாற்பது வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பழி போட ஆள் கிடைத்துவிட்டால் யாருக்குக் கணக்கு வேண்டும்?

யோவான் 9-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பிறவிக் குருடன் ஒருவன் வழியோரத்தில் இருக்கிறான். ஊரார் அல்ல, சீஷர்களே கேட்கிறார்கள்: இவன் இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம், இவனா, இவனைப் பெற்றவர்களா? மூன்றரை வருஷம் ஆண்டவரோடு நடந்தவர்களுக்கே இந்தப் புத்தி விடவில்லை பாருங்கள். ஆண்டவர் அந்த இரண்டு பதிலையும் தள்ளிப்போட்டார். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். அந்தத் தாய் கர்ப்பமாக இருந்தபோது எங்கே போனாள், எதை நறுக்கினாள் என்று அவர் விசாரிக்கவே இல்லை. தேவனுடைய கிரியை இவனிடத்தில் வெளிப்படட்டும் என்று சொல்லி, குனிந்து மண்ணைக் குழைத்தார். என் சின்னம்மாவுக்கு யாராவது இந்த வசனத்தை 1980-லேயே வாசித்துக் காட்டியிருந்தால்!

சரி, கிரகணம் என்றால்தான் என்ன? சந்திரன் தன் வழியில் போகும்போது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வருகிறது, அதன் நிழல் நம்மேல் விழுகிறது. அவ்வளவுதான். சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது. தூரத்திலும் ஏறக்குறைய 400 மடங்கு தள்ளி இருக்கிறது. அதனால்தான் நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரிகிறது. ஒன்றை ஒன்று மூடவும் முடிகிறது. இந்த அளவை யார் பொருத்தினது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் தோன்றுகிறது. பாம்பு விழுங்குகிறது என்று சொல்லுகிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. "ஐயா, பஞ்சாங்கத்தில் எத்தனை மணி எத்தனை நிமிஷம் என்று ஒரு வருஷம் முன்னாலேயே போட்டிருக்கே, பாம்புக்கு எப்பப் பசிக்கும்னு யாராவது கணக்குப் போட முடியுமா?" என்று மட்டும் சிரித்துக்கொண்டே கேட்பேன். அவர்களும் சிரிப்பார்கள்.

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் சூரியன், சந்திரன் என்று பேர்கூடச் சொல்லாமல் பெரிய சுடர், சிறிய சுடர் என்றே எழுதியிருக்கிறது. சுற்றியிருந்த ஜனங்கள் அவைகளைத் தெய்வமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவை எஜமான்கள் அல்ல, வேலைக்காரர்கள். எரேமியா 10:2-ல் கர்த்தர் தம்முடைய ஜனத்துக்குச் சொல்லும் புத்தி என்ன? மற்றவர்கள் வானத்து அடையாளங்களைப் பார்த்துக் கலங்கட்டும், நீங்கள் கலங்காதிருங்கள் என்பதே. அதே தீர்க்கதரிசி 33-ஆம் அதிகாரத்தில், பகலும் இரவும் தவறாமல் வருவதைக் கர்த்தர் தமது உடன்படிக்கைக்குச் சாட்சியாக வைக்கிறார். நூறு வருஷத்துக்கு அப்புறம் வரப்போகிற கிரகணத்தை இன்றைக்கே நிமிஷக் கணக்காகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த உடன்படிக்கை எவ்வளவு கெட்டியானது!

விசுவாசி விஞ்ஞானத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கொடைக்கானலில் 1899-இல் அமைத்த சூரிய ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்த பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்திலே பிறந்த யோசனை அது. பசித்த ஜனத்துக்காக வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள். அதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் சிலுவையில் தொங்கினபோது வந்த இருளைக் கிரகணம் என்று சில வாலிபர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது இல்லை. பஸ்கா வருவது பௌர்ணமியில். சூரிய கிரகணம் வருவது அமாவாசையில் மட்டும். பௌர்ணமியன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும், நடுவே வர வழியே கிடையாது. மேலும் முழு கிரகணத்தின் இருட்டு ஓரிடத்தில் ஏழரை நிமிஷத்தைத் தாண்டாது. கல்வாரியிலோ மூன்று மணி நேரம்! (லூக்கா 23:44) அந்த இருளுக்குக் கணக்கு இல்லை. பிதா முகத்தை மறைத்த இருள் அது.

இப்போது நம் சபைக்கு வருவோம். வசனம் தெரிந்த நாமெல்லாம் எப்படி நடந்தோம்? 2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை, தென் மாவட்டங்களில் வளைய கிரகணம். கன்னியாகுமரி, இராமேஸ்வரம் பக்கமெல்லாம் பத்து நிமிஷம் அளவுக்குச் சூரியன் மோதிரம்போல நின்றது. மத்தியான வேளை. அன்றைக்கு நமக்கு உபவாச ஜெபம். பாதிப்பேர் வரவில்லை. மாட்டுப் பொங்கலுக்காக வரவில்லையா, கிரகணத்துக்காக வரவில்லையா என்று நான் விசாரிக்கவில்லை. வந்தவர்களிலும் இரண்டு பேர் முந்தானைக்குள் வேப்பிலை வைத்திருந்ததை என் மனைவி பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்.

அந்தக் கோபம் எனக்குள் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறது. 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை, மறுபடியும் வளைய கிரகணம். இந்த முறை கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக. நம் மதுரைப் பக்கம் அந்தப் பாதையின் தெற்கு ஓரம். முந்தின நாள் கிறிஸ்துமஸ் ஆராதனை. சபை நிரம்பி வழிகிறது. சங்கீதம் 121:6-ஐ எடுத்து, பகலிலே வெயில் நம்மைச் சேதப்படுத்தாது என்று கர்த்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார், கிரகணம் என்ன செய்யும் என்று கேட்டேன். "நாளைக்குக் காலையில கதவைத் திறந்துபோட்டு, தைரியமா அண்ணாந்து பாருங்க!" என்று முழங்கினேன். ஜனங்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். எனக்கே என் பிரசங்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல் ஆரம்பித்தது. மேகம் வந்து வந்து போனது. சபை வாசலில் நிற்கும் வேப்பமரத்து நிழலைப் பார்த்தேன். இலைச் சந்து வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டங்களெல்லாம் பிறைப் பிறையாக மாறியிருந்தன. நூற்றுக்கணக்கில்! ஒன்பதரை மணிவாக்கில் அந்தப் பிறைகள் நூலாக மெலிந்து வளைந்து, வெயில் நிலா வெளிச்சம் மாதிரி ஆகிவிட்டது. நான் குனிந்து தரையைப் பார்த்துக் கர்த்தரைத் துதித்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் கண்மாய்க் கரையில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் சபைப் பையன் ஒருவன் பழைய எக்ஸ்ரே பிலிமை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் அதையும் கீழே போட்டுவிட்டு வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறான். கூட நின்ற பையன்கள் வேண்டாம் என்றதற்கு, "எங்க பாஸ்டர் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டாரு" என்றிருக்கிறான்.

அப்போது அவனுக்கு வலி இல்லை. விழித்திரையில் வலி தெரியாது என்று பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கும்போது, "அம்மா, எழுத்துக்கு நடுவுல ஓட்டையா இருக்கு" என்றான். மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். சூரிய வெளிச்சம் விழித்திரையின் நடுவைச் சுட்டிருக்கிறது, இதற்குச் சொட்டு மருந்தோ ஆபரேஷனோ கிடையாது, போகப்போகக் கொஞ்சம் தெளியலாம், முழுசாகத் தெளியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எக்ஸ்ரே பிலிமும் கறுப்புக் கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தடுக்காது என்றும், கூசாததினால் பிள்ளைகள் அதிக நேரம் பார்த்துவிடுகிறார்கள் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவனுடைய தாய் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று இரவு ஜெபிக்க முழங்கால் போட்டபோது மத்தேயு 4-ஆம் அதிகாரம் எனக்கு முன்னால் வந்து நின்றது. தேவாலயத்து உப்பரிகை. கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான் பிசாசு. அதற்கு அவன் காட்டுவதும் சங்கீதம்தான், 91-ஆவது. நான் காட்டினது 121. வசனம் உண்மை, வாக்குத்தத்தம் உண்மை; அதை ஏணியாக வைத்து உப்பரிகையில் ஏறச் சொன்னது யார்? தேவனைப் பரீட்சை பார்க்கக்கூடாது என்று ஆண்டவர் மறுத்ததை, நான் கிறிஸ்துமஸ் அன்று பிரசங்க பீடத்தில் நின்று செய்யச் சொல்லியிருக்கிறேன். அம்மாச்சி பயத்தினால் கதவைச் சாத்தினார்கள். நான் பெருமையினால் கதவைத் திறந்தேன். அம்மாச்சியினால் ஒரு கண்ணும் கெடவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக அந்தப் பையனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மேய்ப்பர் இப்படிச் சொன்னால் ஜனங்களுக்கு விசுவாசம் குறைந்துபோகும் என்று மூப்பர் ஒருவர் வருத்தப்பட்டார். குறைந்தால் குறையட்டும், என் வாய்ச்சவடால் மேல் வைத்த விசுவாசம்தானே என்றேன். எண்ணெய் பூசி ஜெபித்தோம், இன்றும் ஜெபிக்கிறோம். பெரும்பகுதி தெளிந்துவிட்டது, கர்த்தருக்கே மகிமை. வலது கண்ணில் ஒரு புள்ளி மட்டும் இன்னும் இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஆறு மாதம் போகவில்லை, அடுத்த கிரகணம் வந்தது. 2020 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவினால் சபைகளெல்லாம் பூட்டிக் கிடந்த காலம். ஆராதனையை வீட்டில் இருந்தே நடத்தினோம். அந்தப் பையன்தான் போன் பண்ணி, "பாஸ்டர், வானத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள்ள பார்க்கலாம். புத்தகத்துல போட்டிருக்கு" என்றான். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து, பட்டாணி அளவு ஓட்டை போட்ட காகிதத்தால் மூடி, முற்றத்து வெயிலில் சாய்த்து வைக்கச் சொன்னான். அதிலிருந்து தெறிக்கிற வெளிச்சத்தை இருட்டான உள்ரூம் சுவரில் விழவைத்தால், சுவரில் சூரியனே வந்து நிற்கிறது! பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் சொச்சம், இருபதடிக்கு இரண்டு அங்குலம் அகலம். கண்ணாடிக்குள் மட்டும் யாரும் குனிந்து பார்க்கக்கூடாது. அதுவும் சூரியனைப் பார்த்தது மாதிரிதான்.

சின்னம்மா இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்கள். அறுபது வயது. ஆண்டவரை ஏற்றுக்கொண்டு பல வருஷமாயிற்று. ஆனாலும் அன்று காலையிலேயே கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். "வேணாம்ப்பா, எனக்கு அது ஆகாது" என்றார்கள். வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய மகன், நாற்பது வயது ஆள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் மீசைக்குள் அந்தத் தழும்பு இன்றும் உண்டு.

சுவரில் வெள்ளை வட்டம். ஓரத்தில் எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு குறை. அவ்வளவுதான். சின்னம்மா கிட்டே போய் நின்று, விரலால் அந்தக் குறையைத் தொட்டுப் பார்த்தார்கள். விரல் நிழல் விழுந்து சூரியனே மறைந்துபோயிற்று. கையை எடுத்ததும் திரும்ப வந்தது. "இம்புட்டுத்தானா?" என்றார்கள். திரும்பி மகனைப் பார்த்து, "இதுக்காடா என்னை அந்தப் பேச்சுப் பேசுனாங்க?" என்றார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். "சின்னம்மா, அந்தக் கொய்யாக்காய் எனக்காக வெட்டுனது. நான் ஒருநாளும் வாயைத் திறக்கல." ஐப்பசி, கார்த்திகை, மாசி என்று விரல்விட்டு எண்ணியும் காட்டினேன். அவர்கள் என்னை வெகுநேரம் பார்த்தார்கள். "நீ தின்னது எனக்குத் தெரியாதாப்பா? நான் சொன்னா உன்னைப் போட்டு அடிப்பாங்களேன்னுதான் நானும் சொல்லல" என்றார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அடி விழக்கூடாது என்று ஒரு மனுஷி நாற்பது வருஷம் பழி சுமந்திருக்கிறாள். நான் சிலுவையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் முடிவு ஜெபம்கூடப் பண்ண முடியவில்லை. என் மனைவிதான் பண்ணினாள்.

உலக்கை விஷயத்தைக் கேட்டீர்களே என்று சிலர் நினைப்பீர்கள். 2019-லும் 2020-லும் உலக்கை நிற்கிற போட்டோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, கிரகணமும் இல்லை ஒன்றும் இல்லை, ஜெபவீட்டில் எல்லார் முன்பாகவும் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திக் காட்டினேன். அடிப்பாகம் சமமாக இருந்து, கை நடுங்காமல் வைத்தால் எந்த நாளிலும் நிற்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து நிறுத்திப் பார்த்தார்கள்.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரிக்கு. அம்மா, மகள் அந்த நாளில் கர்ப்பமாக இருந்தால் நடமாடட்டும், சமைக்கட்டும், நறுக்கட்டும். பிள்ளைக்கு ஒன்றும் வராது. முக்கியமாக, சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்திப் பட்டினி போட விடாதீர்கள். கெடுதல் வந்தால் அதனால்தான் வரும். ஆனால் சம்பந்தியம்மாவோடு சண்டைக்கும் போகாதீர்கள். அந்த அம்மா பயப்படுவது பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசையினால். சமாதானத்துக்காக இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் இருப்பதில் விசுவாசத்துக்கு ஒரு குறைவும் இல்லை. ரோமர் 14-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பயத்துக்காக இருக்கவேண்டாம். முடிந்தால் அந்தச் சம்பந்தியம்மாவையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வையுங்கள். யார் வீட்டில் எந்தப் பிள்ளை எந்தக் குறையோடு பிறந்தாலும், பெற்றவள் என்ன செய்தாள் என்று நம் சபையில் ஒருவரும் கேட்கக்கூடாது. கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கு: சூரியனைச் சோதித்த கிரகணக் கண்ணாடி இல்லாமல் ஒரு நொடியும் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ், மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர் ஒன்றும் கூடாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் 2019-லே பல இடங்களில் நல்ல கண்ணாடி கொண்டுவந்து காட்டினார்கள். அந்த மாதிரி ஆட்களிடம் போங்கள். பாஸ்டர் சொன்னார் என்று போகாதீர்கள்.

2027 ஆகஸ்டு 2, திங்கட்கிழமை. எகிப்தின் லக்சர் பட்டணத்தில் ஆறு நிமிஷத்துக்கு மேல் முழு இருட்டாம். நமக்கு மாலை வெயிலில் ஒரு பகுதி மட்டும் மறையும். அதற்குப் பிறகு 2031 மே 21, புதன்கிழமை. அந்த வளையம் தேனி, மதுரை, காரைக்குடி வழியாக நம் தலைக்கு மேலேயே போகிறது. அந்தப் பையனுக்கு அப்போது 26 வயது. ஜெபவீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்து வைக்கவேண்டும், மூன்று கண்ணாடி வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான். முன்வரிசை நாற்காலி சின்னம்மாவுக்கு.

ஜெபிப்போம். பரலோகப் பிதாவே, இந்தத் தாளை வாசிக்கிற கர்ப்பிணி சகோதரிகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். பழி சுமந்து மூலையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களை அவர்கள் வீட்டுக் கதவண்டை வந்து பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பையனுடைய வலது கண்ணில் நிற்கிற புள்ளியைத் தொடும் ஆண்டவரே. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.